எண்ணெய் படக்கூடாத இடம்

காலை ஏழரை மணிக்கு மங்களேஸ்வரி புருஷனின் தலையில் எண்ணெய் வைப்பாள். அவர்களுடைய இலஞ்சித் தோப்புத் தேங்காயைக் காயப்போட்டு, செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கிய எண்ணெய். எல்லோரையும் போல உச்சியில் ஊற்றித் தொடங்க மாட்டாள். இடது காதுக்கு மேலே நாலைந்து விரற்கடை தள்ளி மயிரை வகிர்ந்து, தோலில் நன்றாக இறங்கும்படி விரல் நுனியால் தேய்ப்பாள். பிறகு பழைய துண்டு ஒன்றால் மயிரை மட்டும் மேலாக்கத் துடைத்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு எண்ணெய் வைத்த தலை என்று தெரியக்கூடாது.

சிவசைலம் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுப்பார். வலது கை மடியில் கிடக்கும்.

அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது என்று தென்காசியில் அபர்ணா என்கிற பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற தனியார் மையம் அது. கைப் பயிற்சிக்கு அங்கே அவள்தான் பொறுப்பு. செங்கோட்டைக்காரி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிவசைலத்தின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. திருநெல்வேலியில் பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் ஊன்றுகோல் பிடித்து நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. வலது கை மட்டும் விளங்கவே இல்லை. பெங்களூரில் இருக்கிற மகள் வித்யாலட்சுமிதான் எங்கெங்கோ விசாரித்து, தென்காசியிலேயே இப்படி ஒரு மெஷின் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். இருபது நாள் பயிற்சி. முடிந்ததும் டாக்டர் பார்ப்பார். முன்னேற்றம் இருந்தால் இன்னும் இருபது நாள், இல்லாவிட்டால் அதோடு சரி.

முதல் நாள் அபர்ணா சிவசைலத்தின் தலையை டேப்பால் அளந்தாள். மூக்குத் தண்டிலிருந்து பிடரி வரை ஒருமுறை, காதிலிருந்து காது வரை ஒருமுறை. அளந்து முடித்து இடப்பக்கம் ஓர் இடத்தில் பேனாவால் சின்னதாகக் குறி போட்டாள். கையை ஆட்டி வைக்கிற மூளைப் பகுதி அதற்கு நேர் கீழே இருக்கிறதாம். உப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்ச் ஒன்றை அங்கேயும், இன்னொன்றை வலது நெற்றியிலும் வைத்துப் பட்டையால் கட்டி, கொஞ்சூண்டு கரண்ட் விடுவார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தூங்குகிற இடத்தைத் தட்டி எழுப்புவது போல என்றாள். அந்த நேரத்திலேயே கையை ரோபோவில் கட்டி வேலை வாங்க வேண்டும். எல்லோருக்கும் இது கேட்கும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு நன்றாகக் கேட்கிறது என்றும் ஒளிக்காமல் சொன்னாள். தலையில் எண்ணெய் இருந்தால் கரண்ட் உள்ளே போகாது என்றும் சொன்னாள். மங்களேஸ்வரி தலையாட்டினாள்.

மறுநாள் ஏழரை மணிக்கு, முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் அவள் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. போன பிறகுதான் அபர்ணா சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிடலாம் என்று ஒரு நொடி நின்றாள். அப்புறம் மயிரை விலக்கி, பேனாக் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்து, சரியாக அதன்மேல் எண்ணெயை வைத்தாள். வேண்டுமென்றேதான் செய்தாள். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

சிவசைலத்தின் வலது கை ஊரில் நல்ல பெயர் எடுத்த கை. வைகாசி விசாகத்துக்குக் கோயில் அன்னதானப் பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை இலையாகப் பரிமாறுகிற கை. கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு எதற்கும் முதலில் நீள்கிற கை. அண்ணாச்சி மாதிரி மனுஷன் உண்டா என்று இலஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கைதான் வீட்டுக்குள் அவளை அடித்தது. குழம்பில் உப்புக் கூடினால் அடித்தது, கேட்டதற்குப் பதில் சொல்லத் தாமதமானால் அடித்தது, பதில் சொன்னாலும் அடித்தது. முகத்தில் அடிக்க மாட்டார், அந்த அளவுக்கு விவரம். முதுகு, தோள்பட்டை, பிடரி. கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். கோபக்காரர், மனசில் ஒன்றும் கிடையாது என்று அம்மா பதில் சொல்லி, அன்றைக்கே பஸ் ஏற்றியும் விட்டாள். அதற்குப் பிறகு மங்களேஸ்வரி இதை யாரிடமும் பேசவில்லை.

கை விழுந்த பிறகு வந்த நாலு மாதம் அவள் வாழ்க்கையில் அதுவரை இல்லாத நாலு மாதம். இடது கை ஊன்றுகோலுக்குப் போய்விட்டது. அதை விட்டால் ஆள் விழுந்துவிடுவார். அடுக்களையில் ஒரு பாத்திரம் கை தவறி விழுந்தால் பாத்திரம் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது, பின்னாலேயே காலடிச் சத்தம் வரவில்லை. புறவாசல் படியில் உட்கார்ந்து காப்பியை ஆறவிட்டுக் குடித்தாள். சாரல் தெறித்தாலும் எழுந்திருக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள், ஒரு குறையும் வைக்கவில்லை. உள்ளே மட்டும் நிம்மதியாக இருந்தாள். புருஷனுக்குக் கை விளங்காமல் போனதில் சந்தோஷப்படுகிற பொம்பளை உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்து வெட்கப்பட்டாள். அப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வதில்லை, அதனால் ஒவ்வொருத்தியும் தனியாக வெட்கப்படுகிறாள்.

தினமும் ஒன்பது மணிக்கு வேல்சாமி ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவான். குற்றாலத்துக்கு வருகிற சீசன் வண்டிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து தென்காசிக்குக் கூட்டிப்போவான். மதினி மாதிரிப் பார்த்துக்கொள்ள அண்ணாச்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவான். மங்களேஸ்வரி வெளியே பார்த்துக்கொள்வாள்.

மையத்தில் சிவசைலத்தின் முன்கையை ரோபோவின் தொட்டிலில் வைத்து மூன்று இடத்தில் பட்டி போடுவார்கள். எதிரே திரையில் மாம்பழம் விழும். கீழே ஒரு கூடை இருக்கும். கையை நகர்த்தினால் கூடை நகரும், பழத்தைப் பிடிக்க வேண்டும். கை பாதியில் நின்றுவிட்டால் மீதித் தூரத்துக்கு மெஷின் தள்ளிக்கொண்டு போகும். ஆட்டம் முடிந்ததும் மனுஷன் எவ்வளவு செய்தார், மெஷின் எவ்வளவு செய்தது என்று திரையில் எண் வரும். முதல் நாள் சிவசைலம் ஒன்பது, மெஷின் தொண்ணூற்றொன்று. ஏழாம் நாள் அவர் பதிமூன்று. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் மங்களேஸ்வரிக்குள் ஒரு மூச்சு கீழே இறங்கும்.

கரண்ட் பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாது, அல்லது ஐந்து நிமிஷம் எரிந்துவிட்டுச் சிவப்பாகும். அபர்ணா ஸ்பாஞ்சை இன்னும் நனைப்பாள், பட்டையை இன்னும் இறுக்குவாள், உப்பைக் கூட்டுவாள். கடைசியில் கரண்டை விட்டுவிட்டுக் கைப் பயிற்சியை மட்டும் நடத்தி அனுப்புவாள். மெஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். புது ஸ்பாஞ்ச் வந்தது, புது வயர் வந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போகாமல் தரையில் உட்கார்ந்து பெட்டியின் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். புருஷனுக்குச் செய்ததில் மங்களேஸ்வரிக்கு உறுத்தல் இல்லை. இந்தப் பிள்ளைக்குச் செய்வதுதான் உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வித்யாலட்சுமி போன் செய்தாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது, கை அசைகிறதா என்று கேட்டாள். புறவாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மங்களேஸ்வரி மெதுவாகச் சொன்னாள், கை வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று இருக்கிறது என்று. மகளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து காதைப் பொத்திக்கொண்டவள்தான். ஆனாலும், அப்பா இப்போது எவ்வளவோ மாறிவிட்டார்கள், பழசையெல்லாம் எதற்குப் பேச வேண்டும் என்றாள். அதோடு தன் பிள்ளையின் பரீட்சைப் பேச்சுக்குப் போய்விட்டாள். மங்களேஸ்வரியும் பேரனின் மார்க்கைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

ஒன்பதாம் நாள் மாட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கைப் பார்த்துச் சலித்துப்போன அபர்ணா ஸ்பாஞ்சைக் கழற்றி, குறி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். பஞ்சைப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மா, எண்ணெ வச்சீங்களா?"

மங்களேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அபர்ணாவே சிரித்துவிட்டாள். இந்த ஊர்க்காரர்களிடம் எதையும் சொல்லலாம், தலையில் எண்ணெய் வைக்காதே என்று மட்டும் சொல்லவே முடியாது என்றாள். சீசனுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள்கூட எண்ணெய் வழிய அருவிக்குப் போகிற ஊரில், வீட்டில் இருக்கிற மனுஷனை வெறுந்தலையோடு எப்படி விடுவார்கள், தன் அம்மாவும் இப்படித்தான் என்றாள். பாசத்தில் செய்த தப்பு என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள். பக்கத்தில் இருந்த நோயாளியின் மனைவியும் சிரித்தாள். மங்களேஸ்வரி அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். சிவசைலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் வாஷ்பேசினில் வைத்து ஷாம்பு போட்டுத் தலையைக் கழுவிக் காயவைத்தார்கள். அன்றைக்குப் பச்சை விளக்கு இருபது நிமிஷம் அணையாமல் எரிந்தது. இனிமேல் வீட்டிலேயே கழுவிக் கூட்டி வர வேண்டும், எண்ணெய் இருந்தால் அன்றைக்குக் கரண்ட் கிடையாது என்று அபர்ணா பொய்க்கோபத்தோடு விரலை ஆட்டிச் சொன்னாள்.

அதன்பிறகு மங்களேஸ்வரி தினமும் காலையில் தலையைக் கழுவியே கூட்டி வந்தாள், எண் ஏறத் தொடங்கியது. இருபது, இருபத்தாறு, முப்பத்தைந்து. இது கரண்டினாலா, பயிற்சியினாலா, அல்லது கை தானாகத் திரும்புகிற காலம் வந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள் அபர்ணா. சொல்லும்போது அவள் முகமெல்லாம் சந்தோஷம். வேல்சாமி குற்றாலநாதருக்கு நேர்ந்துகொண்டானாம். வித்யாலட்சுமி வீடியோ கேட்டாள்.

மங்களேஸ்வரி வீடியோ எடுத்து அனுப்பினாள். வீட்டில் அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது வலது கை விரல்கள் மேஜை விரிப்பைப் பிராண்டுவதை அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். விரல் மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. சோறு போடும்போதும் மாத்திரை கொடுக்கும்போதும் அவருக்கு இடப்பக்கமாகவே நின்றாள். காப்பியைச் சுடச்சுடக் குடித்துவிட்டு எழுந்துகொண்டாள். இதைக் கவனித்துக் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

பதினேழாம் நாள் அபர்ணா கையை ரோபோவிலிருந்து அவிழ்த்தாள். மெஷினில் வந்தது வெளியிலும் வர வேண்டுமே என்றாள். ஒரு பிளாஸ்டிக் டம்ளரை மங்களேஸ்வரியிடம் கொடுத்து, சிவசைலத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள். டம்ளரை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் கையை உயர்த்தி அதைத் தொட வேண்டும்.

கை மடியிலிருந்து கிளம்பியது. பாதியில் நடுங்கி நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளை உந்தினார். நின்ற கை சட்டென்று விசையோடு மேலே வந்தது, அவள் முகத்துக்கு நேராக.

டம்ளர் தரையில் உருண்டது. மங்களேஸ்வரி நாற்காலியில் ஒடுங்கி, இரண்டு முழங்கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டிருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. இவ்வளவையும் உடம்பு அவளைக் கேட்காமலே செய்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது கை ஏற்கெனவே அவர் மடியில் விழுந்துவிட்டிருந்தது.

அபர்ணா டம்ளரை எடுக்கவில்லை. மங்களேஸ்வரியின் முழங்கையைப் பார்த்தாள், சிவசைலத்தின் கையைப் பார்த்தாள், பிறகு மங்களேஸ்வரியின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இறங்கிப்போயிற்று. எண்ணெயின் கதையும் அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை வந்து மங்களேஸ்வரியின் தோளைத் தொட்டாள். உடனே திரும்பி உள்ளே போய்விட்டாள். ஆட்டோவில் வரும்போது வேல்சாமி எண் எவ்வளவு என்று கேட்டான். மங்களேஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஏழரை மணிக்கு அவள் ஷாம்புவும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்தாள். சிவசைலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில், வலது கைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. அடுக்களை அலமாரியிலிருந்து அவரே எடுத்து, ஊன்றுகோலை விட்டுவிட்டு, இடது கையில் பிடித்து, சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்து நடந்து கொண்டுவந்திருக்கிறார். வழியெல்லாம் தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது.

"வய்யி," என்றார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எண்ணெ வய்யி, மங்களம். அந்த எடத்துல." வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்கினார். "எனக்குத் தெரியும். மொத நாளே. அந்தப் பிள்ள சொல்லும்போது நானுந்தான இருந்தேன். நீ வச்ச. நான் குனிஞ்சேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

மங்களேஸ்வரி அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பாவமாகத்தான் இருந்தது. எட்டு நாள் தெரிந்தே குனிந்திருக்கிறார். மன்னிப்பு என்கிற வார்த்தை இந்த மனுஷன் வாயில் பேச்சு நன்றாக இருந்த காலத்திலேயே வந்ததில்லை, இதுதான் அவருக்குத் தெரிந்த விதம் போல என்று நினைத்தாள். கண்கூடக் கலங்கியது. கலங்கிக்கொண்டிருக்கும்போதே கோபம் வந்தது. இந்த முப்பத்தொரு வருஷத்தில் யாருக்கும் தெரியாமல் தனக்கென்று அவள் செய்துகொண்ட காரியம் ஒன்றே ஒன்று. அதையும் அவர் அனுமதித்துத்தான் அவள் செய்திருக்கிறாள். அடிக்கிறதா வேண்டாமா என்பதை அன்றைக்கும் அவர்தான் முடிவு செய்தார், இன்றைக்கும் அவரேதான் முடிவு செய்து கிண்ணத்தை நீட்டுகிறார். கையைக் காயப்போட்டுவிட்டு, உனக்காகத்தான் என்று மிச்ச காலம் முழுக்க எதிரே உட்கார்ந்திருப்பார். அவளும் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நன்றியோடு இருக்க வேண்டும். ஊர் அப்போதும் அவரைத்தான் நல்லவர் என்று சொல்லும்.

கிண்ணத்தை அவர் மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"எண்ணெ கெடையாது," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இன்னைக்கு சென்டருக்குப் போணும். வெளங்காத கையி அடிக்காம கெடக்கதுல என்ன இருக்கு? அது வரட்டும். நல்லா வரட்டும். வந்தபொறவும் எம்மேல படாம இருக்கான்னு நான் பாக்கணும்."

அவர் நிமிர்ந்தார். வாய் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தது.

"ஒருவாட்டி பட்டுச்சுன்னா அன்னைக்கே நான் போயிருவேன். எதுக்குப் போறேன்னு கோயில் வாசல்ல நின்னு எல்லாத்துட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மா வீடு அம்மாவோடு போய்விட்டது. பெங்களூரில் மகள் அப்பாவின் வீடியோவைத்தான் கேட்கிறாள். இருந்தாலும் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாளியை அருகே இழுத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டு, இடது காதுக்கு மேலே இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். அபர்ணா மறுபடி மறுபடி பேனாவால் போட்டுக்கொண்டிருந்த குறி நுரையோடு கரைந்து போனது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. முன்பானால் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டிருப்பாள். இன்றைக்குத் துடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு இடது கை நன்றாகத்தான் இருந்தது. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வேல்சாமிக்குப் போன் செய்ய உள்ளே போனாள்.